கறுப்புத் திரைக்குப் பயப்படாதீர்!

– மூன்றாம் ஆண்டு மாணவர், கம்ப்யூட்டர் பிரிவு



ஆனி, ஆடி பிறந்தால் குற்றாலத்துக்கு ஊர் ஊராகத் திரண்டு வருகிறார்கள். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எங்கு பார்த்தாலும் தலைகள்தான். நம் பிரிவு மாணவர்களுக்கோ சாரல் காற்று சன்னல் வழியாக நுழையும்போதே ஒரு கவலையும் கூடவே நுழையும். காற்றில் மரக்கிளை கம்பியில் உரசும். கரண்ட் ஒரு விநாடி போய்விட்டு வரும். மின்விசிறிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து எழுதிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த ஒரு விநாடி போதும். மறுநாள் சுவிட்சைப் போட்டால் படம் வராது, மவுஸ் அம்பு வராது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

"போச்சு, மெஷின் காலி!" என்பவர்கள் பாதிப் பேர். "பேசாம ஃபார்மேட் பண்ணிரலாம்ல" என்பவர்கள் மீதிப் பேர். ஃபார்மேட் செய்தால் மெஷின் ஓடும், வாஸ்தவம்தான். அதிலிருந்த பிராஜெக்ட் ரிப்போர்ட்டும், கடைக்காரரின் மூன்று வருஷக் கணக்கும், யாரோ வீட்டுக் கல்யாணப் போட்டோவும் என்ன ஆவது? வைத்தியம் தெரியாதவன் காலை வெட்டச் சொன்ன கதைதான்.

உண்மையில் அந்தக் கண் சிமிட்டும் கோடு, "எழுது, கேட்கிறேன்" என்று கம்ப்யூட்டர் நம்மிடம் சொல்வது. என்ன எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு சின்ன முன்குறிப்பு. கட்டளைகளை இங்கே தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். லினக்ஸில் எல்லாம் சின்ன எழுத்து; பெரிய எழுத்தில் அடித்தால் அது கேட்காது. விண்டோஸுக்கு அந்தப் பேதம் கிடையாது.

ஏன் கட்டளை? மவுஸ் போதாதா?

போதும், எல்லாம் நன்றாக இருக்கும்வரை. பராமரிப்பு வேலை என்பதே நன்றாக இல்லாதபோது வருவது. அங்கே மூன்று காரணங்களால் மவுஸ் தோற்றுப்போகிறது.

முதலாவது, படத்தைத் திரையில் வரையவே கம்ப்யூட்டருக்குப் பாதி உயிர் வேண்டும். உயிர் ஊசலாடும்போது எழுத்து மட்டும்தான் வரும். இரண்டாவது, நாம் பழுது பார்க்கும் மெஷின் நம் முன்னால் இருக்க வேண்டும் என்பதில்லை. சர்வர் சென்னையில் இருக்கும், நாம் தென்காசியில் இருப்போம். மெதுவான லைனிலும் எழுத்து சுலபமாகப் போய்வரும். மூன்றாவது, லேபில் 40 மெஷின் இருந்தால் ஒரே வேலையை 40 தடவை கிளிக் செய்ய வேண்டும். கட்டளையை ஒரு தடவை எழுதி வைத்தால் 40 மெஷினிலும் ஓட்டலாம்.

"பெயர்களெல்லாம் ஏன் எல்.எஸ்., சி.பி., எம்.வி. என்று இரண்டு எழுத்தாக இருக்கு?" என்று ஜூனியர்கள் கேட்பதுண்டு. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது திரையே கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரத்தில் பேப்பரில்தான் பதில் வரும். அதன் வேகம் விநாடிக்கு 10 எழுத்து! அதனால்தான் பெயரில் இத்தனை சிக்கனம். அந்தச் சிக்கனம் லினக்ஸ் வழியாக இன்று நம் கை வரைக்கும் வந்திருக்கிறது.

ஒரே நாளில் 85 லட்சம் கறுப்புத் திரைகள்

"இதெல்லாம் பழைய காலத்துச் சமாசாரம்" என்று நினைப்பவர்களுக்கு 2024 ஜூலை 19-ஐ நினைவுபடுத்துகிறேன். கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. நம் நேரப்படி காலை 9.39 மணி. அந்த ஃபைல் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத 21-வதைத் தேடிப் போனதில் மெமரியில் படிக்கக்கூடாத இடத்தைப் படித்து, விண்டோஸே விழுந்துவிட்டது. 78 நிமிஷத்தில் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் மாட்டிக்கொண்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

மருந்து என்ன தெரியுமா? மெஷினை சேஃப் மோடிலோ பழுதுபார்ப்புத் திரையிலோ கிளப்ப வேண்டும். விண்டோஸின் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் அந்த நிறுவனத்தின் ஃபோல்டருக்குப் போக வேண்டும். 'சி-00000291' என்று தொடங்கும் ஃபைலை 'டெல்' கட்டளையால் அழிக்க வேண்டும். ரீஸ்டார்ட். அவ்வளவுதான்! முதலாம் ஆண்டு லேபில் நாம் படிக்கும் 'சி.டி.', 'டிர்', 'டெல்' – இந்த மூன்று கட்டளைதான். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் 48 இலக்க எண்ணும் வேண்டும். அதை எழுதி வைக்காதவர்கள் அன்று திண்டாடினார்கள். மெஷின் எழும்பவே இல்லையென்றால் இன்டர்நெட் வழியாகவும் அதைத் தொட முடியாது. அதனால் எத்தனையோ அலுவலகங்களில் ஒரு ஆள் மெஷின் மெஷினாகப் போய் உட்கார்ந்து கையால் அடித்தார்.

முதலில் நாடி பிடித்துப் பாருங்கள்

டாக்டர் எடுத்த எடுப்பில் ஊசி போடுவதில்லை, நாடி பார்ப்பார். நாமும் எதையும் மாற்றுவதற்கு முன்னால், பார்க்க மட்டும் செய்யும் கட்டளைகளைப் போட வேண்டும். இவற்றால் கெடுதல் வராது.

*இடம் இருக்கிறதா?* லினக்ஸில் 'டி.எஃப்.' அடித்தால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 'சிஸ்டம் ஸ்லோ', 'ஃபைல் சேவ் ஆகல', 'லாகின் பண்ணினா திரும்பி வெளியே தள்ளுது' போன்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பிக் கிடப்பதுதான். யார் இடத்தைத் தின்றது என்று பார்க்க 'டி.யு.'.

*மூச்சு வாங்குகிறதா?* 'ஃப்ரீ' அடித்தால் மெமரி நிலவரம் தெரியும். இதில் 'ஃப்ரீ' என்ற கட்டத்தில் எண் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் டிஸ்க் ஃபைல்களை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும், கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். 'அவைலபிள்' கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். எந்த புரோகிராம் உழைக்கிறது என்று பார்க்க 'டாப்'. விண்டோஸில் இதே வேலைக்கு 'டாஸ்க்லிஸ்ட்', ஒன்றை நிறுத்த 'டாஸ்க்கில்'.

*என்ன நடந்தது?* இதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் தனக்கு நடந்ததையெல்லாம் நாட்குறிப்பு எழுதுகிறது. லினக்ஸில் 'ஜர்னல்சி.டி.எல்.', கெர்னல் சொன்னதை மட்டும் பார்க்க 'டிமெசேஜ்' என்று கூப்பிடும் ஐந்தெழுத்துக் கட்டளை. விண்டோஸில் ஈவன்ட் வியூவர். நேற்று மாலை 4.10-க்கு கரண்ட் போனதும், அதற்குப் பின் டிஸ்க் பிழை வந்ததும் அங்கே வரிசையாக இருக்கும். அதைப் படிக்காமல் ஆளுக்கொரு ஜோசியம் சொல்வதில் பிரயோஜனமில்லை.

குளத்து மறுகால் போல

நாட்குறிப்பு பல்லாயிரம் வரி இருக்குமே, எப்படிப் படிப்பது? இங்கேதான் யூனிக்ஸின் அழகான யோசனை வருகிறது. பைப் என்று பெயர். கீபோர்டில் செங்குத்தாக ஒரு கோடு இருக்குமே, அதுதான் குறி.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். சிற்றாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக ஒரு குளத்துக்கு வரும். அது நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த குளம். அங்கிருந்து அதற்கடுத்தது. பைப்பும் அப்படித்தான். ஒரு கட்டளை வெளியே விடுவதை அடுத்த கட்டளை உள்ளே வாங்கிக்கொள்ளும். பெல் ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராய் வருஷக்கணக்காக வற்புறுத்தி வந்த இந்த யோசனையை 1973-ல் கென் தாம்ப்சன் யூனிக்ஸில் சேர்த்தார்.

'ஜர்னல்சி.டி.எல்.' விடும் வெள்ளத்தை 'கிரெப்' கட்டளைக்குள் விட்டு 'எரர்' என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டலாம். அதை 'டெய்ல்' கட்டளைக்குள் விட்டுக் கடைசி 20 வரியை மட்டும் பார்க்கலாம். இதே மாதிரி 'டி.யு.' சொல்வதை 'சார்ட்' கட்டளைக்குள் விட்டால் பெரிய ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும், திருடன் கையோடு பிடிபடுவான். ஒவ்வொரு கட்டளையும் ஒரே ஒரு சின்ன வேலை செய்யும். சேர்த்துக் கோர்ப்பது நம் சாமர்த்தியம்.

விண்டோஸில் 2006-ல் வந்த பவர்ஷெல்லும் இதே வழியில் போகிறது. ஒரு வித்தியாசம்: அங்கே மறுகாலில் ஓடுவது வெறும் எழுத்து அல்ல, பெயர், அளவு, தேதி என்று தனித்தனிக் குணங்களோடு கூடிய பொருள்.

கரண்ட் போனால் டிஸ்க்குக்குள் என்ன ஆகிறது?

இப்போது சாரல் காலப் பிரச்னைக்கு வருவோம். ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது டிஸ்க்கில் ஒரே இடத்தில் எழுதுவதில்லை. உள்ளடக்கம் ஓரிடம், ஃபைலின் பெயர் ஃபோல்டர் பட்டியலில் ஓரிடம், 'இந்த இடம் இனி காலி இல்லை' என்ற கணக்கு வேறோரிடம். இரண்டு எழுதி மூன்றாவது எழுதுவதற்குள் கரண்ட் போனால் கணக்கு ஒன்றுக்கொன்று முரணாகிவிடும். பெயர் இருக்கும், ஃபைல் இருக்காது. அல்லது ஒரே இடத்தை இரண்டு ஃபைல் சொந்தம் கொண்டாடும்.

இதற்கு மளிகைக் கடை அண்ணாச்சிகள் எப்போதோ வழி கண்டிருக்கிறார்கள். வியாபாரம் நடக்கும்போதே சிட்டையில் குறித்துவிடுவார்கள். ராத்திரி நிதானமாகப் பேரேட்டில் பதிவார்கள். நடுவில் பேரேடு பாதியில் நின்றாலும் சிட்டையைப் பார்த்து நேர் செய்துவிடலாம். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் எக்ஸ்ட்4 இரண்டுமே இப்படி ஒரு சிட்டை வைத்திருக்கின்றன. அதற்கு ஜர்னல் என்று பெயர். அதனால்தான் இன்றைய மெஷின்கள் பெரும்பாலும் கரண்ட் போய் வந்தாலும் தானாகவே எழுந்துவிடுகின்றன. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். வழக்கமான அமைப்பில் சிட்டை காப்பாற்றுவது கணக்கை மட்டும்தான். நீங்கள் சேவ் செய்யாமல் வைத்திருந்த ரிப்போர்ட்டை அது காப்பாற்றாது.

சிட்டையாலும் நேராகவில்லை என்றால்தான் தணிக்கைக்காரரைக் கூப்பிட வேண்டும். விண்டோஸில் 'செக்டிஸ்க்', லினக்ஸில் 'எஃப்.எஸ்.சி.கே.'.

செக்டிஸ்க்கை வெறுமனே அடித்தால் பார்க்க மட்டும் செய்யும். சாய்கோடு போட்டு 'எஃப்' சேர்த்தால் கணக்கைத் திருத்தும். 'ஆர்' சேர்த்தால் டிஸ்க் முழுவதும் படித்துக் கெட்ட இடங்களைத் தேடும். பெரிய டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஆகும். சி டிரைவ் ஓடிக்கொண்டிருப்பதால் 'அடுத்த ரீஸ்டார்ட்டில் செய்யட்டுமா?' என்று கேட்கும். ஒய் அடிக்க வேண்டும். லினக்ஸில் எஃப்.எஸ்.சி.கே.-யை உபயோகத்தில் இருக்கும் டிஸ்க் மேல் ஓட்டவே கூடாது. ஓடும் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிற மாதிரி ஆகிவிடும். பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, பழுதான டிஸ்க்கை மவுன்ட் செய்யாமல் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

இங்கே பலரும் தாண்டிப்போகும் ஒரு படி இருக்கிறது. கணக்குப் பிழையா, டிஸ்க்கே சாகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸில் 'ஸ்மார்ட்சி.டி.எல்.' என்ற கட்டளை டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஆரோக்கியக் குறிப்பைக் காட்டும். விண்டோஸ் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபிசிக்கல்டிஸ்க்'. ஸ்மார்ட்சி.டி.எல். பட்டியலில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களும் காத்திருக்கும் செக்டார்களும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் வழியனுப்பத் தயாராகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட டிஸ்க்கில் செக்டிஸ்க் 'ஆர்' ஓட்டினால், மூச்சிரைக்கும் கிழவரை மலையேறச் சொன்ன கதை ஆகிவிடும். அப்போது செய்ய வேண்டியது 'டி.டி.ரெஸ்க்யூ' கட்டளையால் வேறு டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுப்பது. அது நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் மறுபடி மறுபடி முயலும். தணிக்கையைப் பிரதியில் வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க் நன்றாக இருந்து விண்டோஸ் ஃபைல்கள் மட்டும் கெட்டிருந்தால் 'எஸ்.எஃப்.சி.' கட்டளையோடு 'ஸ்கேன்நவ்'. அதுவும் சரிசெய்ய முடியாமல் கைவிரித்தால் 'டிஸ்ம்' கட்டளையால் மூலப் பிரதியைச் சரிசெய்துவிட்டு மறுபடி எஸ்.எஃப்.சி. இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஃபார்மேட் என்ற பேச்சையே எடுக்கலாம்.

"தம்பி, நெட்டு வரமாட்டேங்கு!"

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியிலிருந்து போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"தம்பி, நெட்டு வரமாட்டேங்கு. லாரி நிக்கி, பில்லு போட முடியல."

"ஒண்ணும் பதறாதீங்க அண்ணாச்சி. நான் சொல்றத மட்டும் அடிச்சு, என்ன வருதுன்னு சொல்லுங்க."

இப்படித் தைரியமாகச் சொல்ல நான்கு படி தெரிந்திருந்தால் போதும்.

1. 'ஐபிகான்ஃபிக்'. லினக்ஸில் 'ஐ.பி. ஏ'. முகவரி 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எதுவுமே வரவில்லை, மெஷின் தானாக ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிளைப் பாருங்கள், வைஃபையைப் பாருங்கள்.

2. ரவுட்டரின் முகவரிக்கு 'பிங்'. பதில் வந்தால் கடைக்குள் எல்லாம் சரி.

3. வெளியே உள்ள ஒரு எண் முகவரிக்குப் பிங்: 8.8.8.8. ரவுட்டர் பதில் சொல்லி இது சொல்லாவிட்டால் பழுது லைனில் இருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனிக்காரருக்குப் போன் போடலாம்.

4. எண்ணுக்குப் பதில் வந்து, இணையதளப் பெயருக்கு மட்டும் வராவிட்டால் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டி.என்.எஸ். மக்கர் செய்கிறது. 'என்.எஸ்.லுக்கப்' அடித்து உறுதி செய்துகொள்ளலாம்.

பார்த்தீர்களா? தென்காசியை விட்டு நகராமலே பழுது எந்த இடத்தில் என்று சொல்லிவிட்டோம். பிங்கை எழுதியவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர். 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரையே வைத்தார். சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருக்கும். அதனால் ஒரே ஒரு பிங்கை நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

'ட்ரேசர்ட்' கட்டளை இன்னும் சுவாரசியமானது. தென்காசி, மேலகரம், குற்றாலம் என்று பஸ் நிறுத்தங்களை எழுதுவது போல, நம் செய்தி போகும் வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும். எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு செய்திக்கும் 'இத்தனை நிறுத்தம்தான் உனக்கு ஆயுள்' என்று ஓர் எண் உண்டு. ட்ரேசர்ட் முதலில் ஆயுள் 1 வைத்து அனுப்பும். முதல் ரவுட்டரிலேயே ஆயுள் முடிந்து, 'உன் செய்தி என்னிடம் இறந்தது' என்று அந்த ரவுட்டர் பதில் எழுதும். அதில் அதன் முகவரி கிடைத்துவிடும். அடுத்து ஆயுள் 2, அப்புறம் 3. செய்தி செத்துச் செத்து நமக்கு வழியைச் சொல்கிறது!

ஒரு தடவை எழுது, நாற்பது தடவை ஓட்டு

அடிக்கடி அடிக்கும் கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி வைத்தால் அதுவே ஸ்கிரிப்ட். அதை நேரம் பார்த்து ஓட்ட லினக்ஸில் 'கிரான்', விண்டோஸில் 'எஸ்.சி.ஹெச்.டாஸ்க்ஸ்'. கிரானில் நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம். '0 17 * * 5' என்றால் எல்லா வெள்ளிக்கிழமையும் மாலை 5 மணி. தூரத்து மெஷினுக்குள் நுழைய 'எஸ்.எஸ்.ஹெச்.'. போகும் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி எல்லாவற்றையும் சங்கேதமாக்கி அனுப்பும்.

பேக்கப் எடுக்க லினக்ஸில் 'ஆர்சிங்க்', விண்டோஸில் 'ரோபோகாப்பி'. மாறிய ஃபைல்களை மட்டும் அனுப்பும் என்பதால் தினமும் ஓட்டலாம். ரோபோகாப்பியில் 'மிர்' என்ற சேர்க்கை, மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழித்துவிடும். மூலமும் பிரதியும் இடம் மாறிப்போனால் பேக்கப்பே மூலத்தை விழுங்கிவிடும். அதனால் முதலில் 'எல்' சேர்த்து ஓட்டுங்கள்; என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். ஆர்சிங்க்கில் இதற்கு 'டிரை ரன்' என்று பெயர்.

கத்தி கைக்கு வந்தால் கவனமும் வேண்டும்

கட்டளையில் 'ரீசைக்கிள் பின்' கிடையாது. அழித்தால் அழித்ததுதான்.

2017 ஜனவரி 31 இரவு. கிட்லேப் என்ற பெரிய நிறுவனத்தில் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள்: ஒன்று அசல், மற்றது துணை. துணையில் கோளாறு; அதன் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரதி எடுக்கலாம் என்று நெடுநேரம் போராடிய ஓர் இன்ஜினியர் 'ஆர்.எம்.' கட்டளையை அடித்தார். அடித்தது அசல் சர்வரில்! ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜி.பி.-யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. "பேக்கப் இருக்கிறதே" என்று தேடினால் அடுத்த இடி. தினசரி பேக்கப் புரோகிராம் பதிப்பு மாறுபாட்டால் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதி ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள்.

அந்த நிறுவனம் எதையும் மூடி மறைக்காமல் நடந்ததை நடந்தபடி வெளியிட்டது. அந்த இன்ஜினியர் தலையில் பழியைப் போடாமல் முறையைத் திருத்தினார்கள். எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று திரையைப் பார்த்ததுமே தெரியும்படி செய்ய வேண்டும் என்பது அவர்கள் எடுத்த முடிவுகளில் ஒன்று. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விதிகள்:

• எந்த அழிக்கும் கட்டளைக்கு முன்னும் மூன்று கேள்வி. நான் யார்? – 'ஹூஅம்ஐ'. எந்த மெஷின்? – 'ஹோஸ்ட்நேம்'. எந்த ஃபோல்டர்? – 'பி.டபிள்யூ.டி.', விண்டோஸில் வெறும் 'சி.டி.'.

• நட்சத்திரக் குறி போட்டு அழிக்கும் முன், அதே குறியோடு 'எல்.எஸ்.' அல்லது 'டிர்' போட்டு எவையெல்லாம் மாட்டுகின்றன என்று பாருங்கள்.

• 'டிஸ்க்பார்ட்' கட்டளையில் 'க்ளீன்' அடிக்கும் முன் டிஸ்க் எண்ணை அளவோடு ஒப்பிடுங்கள். 'டி.டி.' கட்டளையில் எது மூலம், எது இலக்கு என்று வாய்விட்டுப் படியுங்கள். இடம் மாறினால் டிஸ்க்கே காலி.

• எப்போதும் நிர்வாகி அதிகாரத்திலேயே உட்காராதீர்கள். வேண்டும்போது மட்டும் 'சூடூ'.

• இன்டர்நெட்டில் பார்த்ததையும், செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததையும் அப்படியே ஒட்டாதீர்கள். 'மேன்' என்று அடித்துக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் முழு விளக்கமும் வரும். விண்டோஸில் சாய்கோடும் கேள்விக்குறியும். ஒவ்வொரு எழுத்தும் என்ன செய்கிறது என்று புரிந்த பிறகே என்டர்.

• திருப்பி எடுத்துப் பார்க்காத பேக்கப், பேக்கப் அல்ல.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டுக்கு இந்தக் கறுப்புத் திரை புதிதல்ல. 2007 வாக்கில் அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை வீட்டில் அந்த லினக்ஸைத் திறந்து பார்த்திருப்போம்? நம் அண்ணன், அக்காமார் வாங்கிய அந்த லேப்டாப் பரணில் கிடந்தால் கீழே இறக்குங்கள். கட்டளை பழக அதைவிட நல்ல மெஷின் கிடையாது, கெட்டுப்போனாலும் நஷ்டமில்லை.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ மெஷின்கள் 'பழசு' என்று பெயர் வாங்கிவிட்டன. பள்ளிக்கூட லேபிலும் சின்னக் கடைகளிலும் அவற்றைப் புதிதாக வாங்கப் பணம் எங்கே? லினக்ஸ் போட்டுப் பராமரிக்க ஓர் ஆள் இருந்தால் அவை இன்னும் பல வருஷம் உழைக்கும். அந்த ஆள் ஒரு டிப்ளமோ மாணவராக ஏன் இருக்கக்கூடாது?

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கும் முன்பே, 2011-ல் சோஹோ நிறுவனம் தென்காசியில் சின்ன அலுவலகம் தொடங்கியது; பிறகு மத்தளம்பாறையில் வளாகமாக வளர்ந்தது. அந்த நிறுவனம் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்த வேலை என்ன தெரியுமா? நெட்வொர்க் பராமரிப்புக்கான மென்பொருள்! இன்றும் அதன் மேனேஜ்இன்ஜின் பிரிவு உலகம் முழுவதும் உள்ள சிஸ்டம் நிர்வாகிகளுக்குக் கருவிகள் செய்கிறது. நாம் சைக்கிளில் போகும் தூரத்தில் இந்தத் தொழில் நடக்கிறது, நண்பர்களே. பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பராமரிப்பு வேலையில் மார்க் ஷீட்டைவிட, விழுந்த மெஷினை எழுப்பத் தெரிந்த கை பெரிது.

இன்றே தொடங்க ஒரு திட்டம்

முதல் வாரம்: பார்க்கும் கட்டளைகள் மட்டும். இரண்டாம் வாரம்: மேலே சொன்ன நான்கு நெட்வொர்க் படிகள். மூன்றாம் வாரம்: பைப்பும் கிரெப்பும். நான்காம் வாரம்: பழைய டிஸ்க் ஒன்றில், முக்கியமான எதுவும் இல்லாததில், வேண்டுமென்றே கரண்டை நிறுத்தி எழுப்பிப் பாருங்கள். ஒரு நோட்டுப் போட்டு, அடித்த கட்டளை, வந்த பதில், அர்த்தம் மூன்றையும் எழுதுங்கள். தேர்வு முடிந்தாலும் அந்த நோட்டு உதவும்.

நம் லேபில் மூலையில் அடுக்கியிருக்கும் மெஷின்களை மாணவர் மன்றமே எடுத்து, சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் பழுது பார்க்கலாம் என்பது என் யோசனை. எழும்பியதை அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம். எழும்பாததில் உதிரி பாகம் கிடைக்கும், பாடமும் கிடைக்கும். விருப்பமுள்ளவர்கள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வரும்போது ஒரு பென் டிரைவும் ஒரு நோட்டும் போதும்.